கிணற்று நீரும் நிலத்து நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை நாம் பெயரளவில் ஆறென்று வழங்குகின்றோம். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் தொன்றுதொட்டு நம்மவர் பெரும்பாலும் நம்பியிருப்பது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கும் மழைநீரையே. அந்நீரைக் கண்ணாற் காண்பதற்கு நமக்குள்ள வாயில் கிணறு. ஆதலின் கிணற்றில் நிற்கும் நீரே நிலத்தின்கீழ் உள்ள நீர் என எண்ணிவிடுதல் நமக்கு இயல்பாயிற்று. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒன்றல்ல. கிணற்றின் வழியாக நிலத்து நீரைப் பிழையின்றிப் போத்தலிற் பிடிப்பது எத்துணை விழிப்போடு செய்யத்தக்க கருமம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஆய்வுகூடச் செய்தி அன்று. சுன்னாகம் மின்னிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென்ற முறைப்பாடு 2013, 2014 ஆம் ஆண்டுகளில் வலுப்பெற்றது. கிணறுடையோர் தம் முற்றத்துக் கிணற்றை மூடிவிட்டு, வெளியிலிருந்து கொணரப்பட்ட நீருக்குக் குடத்தோடு காத்து நின்றனர். ஆராயப் புகுந்த ஒரு சாரார் எண்ணெய் உண்டு என்றனர். மற்றொரு சாரார் தீங்கு பயக்கும் எண்ணெய்ப் பொருள்கள் காணப்படவில்லை என்றனர். உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பாதிக்கப்பட்ட கிணறுகளுக்கு உரியோர்க்கு இரண்டு கோடி ரூபா வரையில் இழப்பீடு வழங்கப் பணித்தது. அறிக்கைகளை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுதல் எமது வேலையன்று. ஆயினும் ‘இந்நீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?’ என்ற ஒரே வினாவுக்கு இருவேறு விடைகள் வந்தபோது, ‘எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், எந்நாளில், எவ்வாறு எடுத்த நீர்?’ என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தோர் நம்முள் மிகச் சிலரே இருந்தனர்.

அக்காலத்தில் என்னிடம் இரசாயனம் பயின்ற மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலில் அடைத்து வகுப்புக்குக் கொணர்ந்தான். மூடியைத் திறந்ததும் எண்ணெய் மணம் எங்கும் பரந்தது. “எண்ணெய்தான், சேர்” என்று வகுப்பு முழுவதும் ஒருமுகமாகக் கூறிற்று. போத்தலின் முன்வரலாற்றை உசாவியபோது, அது நெடுநாள் மண்ணெண்ணெய் வைத்திருந்த போத்தல் என்பது தெரியவந்தது. வகுப்புச் சிரித்தது, பையன் நாணித் தலை குனிந்தான். சிரித்துத் தள்ளிவிடத்தக்க செய்தியன்று அது. கிணற்றில் எண்ணெய் இல்லை என்று அப்போத்தல் காட்டிற்றா? இல்லை. உண்டு என்று காட்டிற்றா? அதுவும் இல்லை. பிழையாக எடுத்த மாதிரி பொய் சொல்வதோடு நிற்பதில்லை. மெய்யை அறியும் வழியையும் அடைத்துவிடுகின்றது. அவன் தாயார் அன்றிரவும் அக்கிணற்று நீரிலேயே உலை வைத்தார்.

நிலத்தின்கீழ் உள்ள நீர் இருளிலே, ஏறக்குறைய மாறாத வெப்பநிலையிலே, பாறையோடும் மண்ணோடும் நெடுங்காலம் ஊடாடி ஒரு சமநிலையை அடைந்துள்ளது. கிணற்றுக்குள் வந்து தேங்கியவுடன் அச்சமநிலை குலைகின்றது. கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேற, நீரின் பீ.எச். எண் உயர்கின்றது, கல்சியங் காபனேற்றுப் படிகின்றது. நம் வீட்டுக் கேத்திலின் அடியிற் காணும் வெண்படை, கொதிக்கும்போது இம்மாற்றமே விரைந்து நிகழ்வதால் உண்டாவது. காற்றிலுள்ள ஒட்சிசன் கரைந்தபோது, தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாதிருந்த இரும்பு செந்நிறத் துகளாகி அடியிற் படிகின்றது. ஆசனிக்குப் போன்ற நச்சுப்பொருள்கள் இருப்பின் அத்துகளில் ஒட்டிக்கொண்டு நீரினின்றும் மறைகின்றன. பென்சீன் முதலிய ஆவியாகும் சேதனப் பொருள்கள் காற்றோடு போகின்றன. சுருங்கக்கூறின், தேங்கிய நீர் சில நஞ்சுகளை மறைத்தும், நிலத்தில் இல்லாத சிலவற்றைச் சேர்த்தும் காட்டும்.

நம் திறந்த கிணறுகளிலோ இத்தொல்லை இன்னும் பெரிது. கிணற்றடிப் பூவரசின் இலை விழும். வாளியும் கயிறும் பலர் கைபட்டு இறங்கும். குளித்த நீர் சரியாகக் கட்டாத கட்டின் வழியே திரும்பக் கசியும். நீரிறைக்கும் பம்பியின் உராய்வெண்ணெய் சொட்டுதலும் உண்டு. இத்தகைய கிணற்றில் எண்ணெய்ப் படலம் காணப்படின், அது நிலத்தின் வழியே வந்ததா, பம்பியிலிருந்து விழுந்ததா என்று எவ்வாறு பிரித்தறிவது? இப்பிரிவினையைச் செய்தற்பொருட்டே அவதானிப்புக் கிணறு என்ற ஒன்றை ஆய்வாளர் அமைக்கின்றனர்.

அவதானிப்புக் கிணறு நீர் குடிப்பதற்குரியதன்று, நிலத்தை வினாவுதற்குரியது. பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாத்திக்குக் குழாய் ஒன்று துளைக்குள் இறக்கப்படும். ஆராய வேண்டிய ஆழத்தில் மட்டும் அக்குழாயில் மெல்லிய கீற்றுகள் வெட்டப்பட்டிருக்கும். நீர் அங்கே மட்டும் புகும். கீற்றுப் பகுதியைச் சுற்றி நன்கு கழுவிய மணலையும், அதன்மேல் நனைந்தால் உப்பிப் பருக்கும் பெந்தனைற்றுக் களியையும் இட்டு, மேலே சீமெந்தால் அடைப்பர். களியின் வேலை, தரையில் ஊற்றிய நீர் குழாயின் புறமாக வழிந்து கீழே செல்லாதவாறு தடுத்தல். குழாய்த் துண்டுகளைப் பசையால் ஒட்டுவதில்லை. பசையிலுள்ள கரைப்பான் நீரிற் கலந்துவிடும் என்பதனால் திருகாணியால் இணைப்பர். துளையிடும் கருவியின் பொருத்துகளுக்கு வழக்கமான கிறீசு பூசுவதும் ஆகாது. எண்ணெயைத் தேடுவோர் எண்ணெயைத் தாமே கொண்டுபோய் வைக்கலாகாதன்றோ. இறுதியில் வாயை மூடிப் பூட்டிடுவர். இவ்வளவையும் செய்த பின்னர்க் குழாய்க்குள் உள்ள சேறு நீங்குமாறு பன்முறை இறைத்துத் தெளிய விடுவர்.

ஒரு கிணறு போதாது. மூன்று புள்ளிகளில் நீர்மட்டம் தெரிந்தாலன்றி நீர் எத்திசையிற் சாய்ந்து செல்கின்றதென்று கூறவியலாது. ஐயத்துக்குரிய இடத்துக்கு மேற்புறத்தில், அதாவது நீர் வரும் திசையில், ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அங்கும் அதே பொருள் அதே அளவிற் காணப்படின் குற்றவாளி வேறிடத்தில் உள்ளான். சுண்ணக்கல் நிலத்தில் இவ்விதியையும் முழுமையாக நம்புதல் இயலாது. மணலினூடே நீர் ஒரு சீராகக் கசியும். சுண்ணக்கல்லிலோ பொந்தும் வெடிப்பும் அகப்பட்ட வழியே விரைந்தோடும். இரு கிணறுகளுள் அண்மையிலுள்ளது தூயதாகவும் சேய்மையிலுள்ளது மாசுற்றும் இருத்தல் கூடும். சில கிணறுகளில் எண்ணெய் இல்லை என்பதனால் ஊர் முழுவதும் நலம் என்றோ, ஒன்றில் உண்டு என்பதனால் ஊர் முழுவதும் கெட்டதென்றோ முடிவு செய்பவர் நம் பாறையை அறியாதவர்.

கிணற்றடியை அடைந்தவுடன் போத்தலை எடுத்தல் பிழை. முதலில் அளக்க வேண்டியது நீர்மட்டம். இறைத்தால் மட்டம் மாறிவிடும் ஆதலின் இதனை முதலிற் செய்தல் வேண்டும். நுனி நீரைத் தொட்டவுடன் ஒலியெழுப்பும் மின்னாடா ஒன்றைக் குழாயினுள் இறக்கி, குழாய் வாயில் நிலையாகக் குறித்த ஒரே புள்ளியிலிருந்து ஆழத்தை வாசிப்பர். குடாநாட்டில் இவ்வளவை சதமமீற்றர் பிசகாதிருத்தல் வேண்டும். நம் நிலத்து நன்னீர் கடல்மட்டத்துக்கு மிகச் சிறிதளவே மேலே நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகலின் அதன்மேல் ஒரு வில்லை போல் மிதக்கின்றது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் வேறுவேறாகக் கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நிற்பின் கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீற்றர் தாழ்ந்தால் கீழே இழக்கும் அளவை மாணவரே கணித்துக்கொள்ளலாம். புத்தூர் நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் யாவரும் அறிந்தது. அங்கு மேற்பரப்பில் ஒருவரும் ஆழத்தில் ஒருவரும் நீரெடுத்து ஆராய்வாராயின் இருவர் கூற்றும் முரண்படும். இருவரும் பொய்யுரைத்தவர் அல்லர். ஆழத்தைக் குறிக்காத அறிக்கையே குறையுடையது.

அடுத்தது தேங்கிய நீரை அகற்றல். இதுவே மாதிரி எடுத்தலின் உயிர்நிலை எனலாம். இடம்பெயர்ந்து சென்று பல்லாண்டின்பின் மீண்ட நம் மக்கள், பாவியாது கிடந்த கிணற்றை இறைத்துவிட்டு, புதிதாக ஊறிய நீரையே குடித்தனர். அறிவியலாரும் அதனையே அளவு குறித்துச் செய்கின்றனர். 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறக்குறைய 2 லீற்றர். பத்து மீற்றர் நிற்பின் 20 லீற்றர். நெடுங்கால வழக்கு, இதனை மூன்று முதல் ஐந்து மடங்கு இறைத்தல். எனவே குறைந்தது 60 லீற்றர். நான்கு மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் நீரும் உள்ள நம் தோட்டக் கிணற்றுக்கு இவ்விதியைப் பிரயோகித்தால் ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் இறைக்க நேரும். அங்கு அது ஆகாத காரியம். தோட்டத்துக்கு நெடுநேரம் இறைத்துக்கொண்டிருக்கும்போது பம்பியின் வாயிற் பிடிப்பதே இயன்ற வழி.

மடங்குக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. வேகமாக இறைத்தால் மட்டம் சடுதியில் தாழ்ந்து, அடியிலுள்ள சேறு கலங்கி, நிலத்தில் அசையாது கிடந்த களித்துகள்களும் குழாய்க்குள் வந்துவிடும். கரையோர நிலத்தில் உவர்நீரும் மேலெழும். இதனை நீக்கும் பொருட்டு, மெல்ல இறைக்கும் முறையை விளக்கிப் புல்சு, பார்சலோனா என்னும் இருவர் எழுதிய கட்டுரையை 1996 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்டது. பம்பியைக் கீற்றுப் பகுதியில் நிறுத்தி, நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லீற்றர் வரை இறைத்தல் வேண்டும். மட்டம் 10 சதமமீற்றருக்கு மேல் தாழவிடலாகாது. எப்போது நிறுத்துவது? நீரே சொல்லும். மூன்று அல்லது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பீ.எச். எண், மின்கடத்துதிறன், கரைந்த ஒட்சிசன், கலங்கற்றன்மை ஆகியவற்றை அளந்து எழுதுவர். அடுத்தடுத்த மூன்று அளவைகளிற் பீ.எச். 0.1க்கு மேலும், கடத்துதிறன் நூற்றுக்கு மூன்றுக்கு மேலும், ஏனைய இரண்டும் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் வேறுபடாவிடின், தேங்கிய நீர் போய் நிலத்து நீர் வருகின்றதென்று கொள்ளலாம். பொறுமையற்றோர்க்கு இது கடினமான வேலை. வெயிலில் ஒரு மணி நேரம் குந்தியிருந்து ஒரே எண் மூன்றுமுறை வருவதைப் பார்த்திருத்தல் கதைகளில் வரும் அறிவியலாரின் தொழில் போன்றதன்று. ஆய்வுகூடத்தில் விலையுயர்ந்த பொறி செய்யும் வேலையின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்திற் தங்கியுள்ளது.

இறைத்த நீர் மாசுற்றதெனின் அதனை அங்கேயே ஊற்றிவிடலாகாது. கலத்திற் சேர்த்துக் கொண்டுபோதல் வேண்டும்.

எண்ணெயை ஆராய்வதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பெற்றோல், டீசல், உலையெண்ணெய் ஆகியன நீரிலும் பாரங் குறைந்தமையால் நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். கீற்றுப் பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்திருப்பின் மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் புகவே மாட்டாது. எத்துணைக் கவனமாக எடுப்பினும் ‘எண்ணெய் இல்லை’ என்ற விடையே கிடைக்கும். எண்ணெயைத் தேடும் கிணற்றின் கீற்று, கோடையிலும் மாரியிலும் ஏறி இறங்கும் மட்டத்தைத் தழுவி நிற்றல் வேண்டும். உலோகத்தைக் கழுவும் குளோரின் சேர்ந்த கரைப்பான்களோ நீரிலும் பாரமானவை. அவற்றை ஆழத்திலே தேட வேண்டும்.

இனிப் போத்தல். பொதுவாக, நீரெடுக்குமுன் அதே நீரால் போத்தலை இருமுறை அலசுதல் நல்ல பழக்கம் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் இப்பழக்கமே கேடு. அலசும்போது எண்ணெய் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் நிரப்பிய நீரின் எண்ணெயோடு அதுவும் சேர்ந்து மிகையான அளவைக் காட்டும். ஆகவே அலசாத, தூய, ஒரு லீற்றர்க் கண்ணாடிப் போத்தலில் நேரே பிடித்து, அமிலமிட்டுக் குளிரில் வைத்து, ஆய்வுகூடத்தில் அப்போத்தல் நீர் முழுவதையும் பாவித்து, போத்தலின் உட்சுவரையும் கரைப்பானாற் கழுவிச் சேர்த்தே அளப்பர். ஒரு பகுதியை வேறு போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் சுவரில் ஒட்டிய எண்ணெய் கணக்கில் வராது. இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயம் 2013 ஆம் ஆண்டில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் வகுத்த எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். எண்ணெய்த் துளி ஒன்றை 30 மில்லிகிராம் எனக் கொண்டால், 150 லீற்றர் நீரை அவ்வெல்லைக்குக் கொணர அந்த ஒரு துளி போதும். பம்பியைத் திருத்திய கையோடு போத்தலின் மூடியைத் தொடுபவர் என்ன செய்கின்றார் என்பதை இக்கணக்குக் காட்டும்.

ஏனைய பொருள்களுக்கு வேறு வேறு போத்தல்கள். ஆவியாகும் பொருள்களை முதலிற் பிடித்தல் வேண்டும். 40 மில்லிலீற்றர்ச் சிறு குப்பியில் நீர் விளிம்புக்கு மேலே பூரித்து நிற்க, மூடியிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பர்; ஒரு குமிழி தெரியினும் வேறு குப்பி எடுப்பர், அக்குமிழிக்குள்ளே பென்சீன் ஓடி ஒளியும் ஆதலின். கரைந்த உலோகங்களை அறிய 0.45 மைக்கிரோமீற்றர் வடியினால் வடித்தபின் நைத்திரிக்கமிலம் இடுவர். வடியாத கலங்கல் நீரில் அமிலமிட்டால் களியில் ஒட்டியிருந்த ஈயம் முதலியன கரைந்து, நீரில் கரைந்திருந்தன போலத் தோன்றும். நைத்திரேற்றுக்கு அமிலமிடாத நீர் குளிரில் 48 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தை அடைதல் வேண்டும்; பற்றீரியாவுக்கு அவகாசம் இன்னும் குறைவு. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிராகும் நம் செம்மண் தோட்டங்களில் இட்ட உரமும், வீட்டு மலக்குழிகளும் நைத்திரேற்றைக் கிணற்றில் சேர்க்கின்றன என்று 1980களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வந்துள்ளனர். அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எண்ணெய்க்குக் கண்ணும் மூக்கும் சான்று. நைத்திரேற்றுக்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. பால்மா கரைக்கும் நீரில் அது மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும்.

என்ன தேடுவது என்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும் என்பதற்கு வங்காளதேசத்தினும் கொடிய சான்று வேண்டா. 1992 ஆம் ஆண்டில் பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வகத்தார் அந்நாட்டின் குழாய்க் கிணற்று நீரைப் பல பொருள்களுக்கு ஆராய்ந்தனர்; ஆசனிக்குக்கு ஆராய்ந்திலர். அந்நாட்டில் கோடிக்கணக்கானோர் குடித்த நீரில் ஆசனிக்கு இருந்தமை பின்னர் தெரியவந்தது. வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபைவரை சென்று, 2006 ஆம் ஆண்டில் ஆய்வகத்துக்குச் சாதகமாக முடிந்தது. சட்டத்தின் முடிவு அது. அறிக்கையில் ஒரு நஞ்சின் பெயர் இல்லாதிருத்தலுக்கு அந்நஞ்சு நீரில் இல்லை என்பது பொருளன்று என்பதை வாசிப்போர் மறத்தலாகாது.

எடுத்தவரையே சோதித்தற்கும் வழிகள் உள. தூய காய்ச்சி வடித்த நீரை ஒரு போத்தலில் நிரப்பி, கிணற்றடியிலே திறந்து மூடி, ஏனையவற்றோடு அனுப்புவர். அதிலும் எண்ணெய் காணப்படின் அது காற்றிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது. ஒரு கிணற்றில் இரு போத்தல் எடுத்து, வேறு பெயரிட்டு அனுப்பி, விடைகள் ஒக்கின்றனவா என்று பார்த்தலும் உண்டு. பல கிணறுகளுக்குச் செல்வோர் தூயதென நம்பப்படுவதில் தொடங்கி மாசு மிக்கதில் முடித்தல் வேண்டும். எடுத்தவர் பெயர், நாள், நேரம், ஆழம், காலநிலை, அண்மையில் இயங்கிய யந்திரம் ஆகியன கிணற்றடியிலேயே மையால் எழுதப்பட்டு, போத்தல் கைமாறும் ஒவ்வொரு முறையும் கையொப்பம் பெறல் வேண்டும். நீதிமன்றத்தில் முதலில் வினவப்படுவது இத்தாளே.

ஒரு நாள் நீர் ஓராண்டுக்குச் சான்றாகாது. கோடை முடிவில் உப்பு மிகும். முதல் மாரி தோட்டத்து உரத்தைக் கழுவிக் கீழிறக்கும். பெருமழைக்குப் பின் யாவும் நீர்த்துப்போகும். ஆண்டுக்கு நான்கு முறையேனும், அதே கிணற்றில், அதே முறையில் எடுத்தல் வேண்டும். எண்ணெயை அளக்கும் பொறி நம் கல்லூரிகளுக்கு எட்டாதது. மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியோ கையடக்கமானது. நீளமான அளவு நாடாவும் அரிதன்று. விஞ்ஞான மாணவர் ஒருவர் தம் கல்லூரிக் கிணற்றின் கட்டில் ஒரு புள்ளியை மையிட்டுக் குறித்து, மாதந்தோறும் ஒரே நாளில், காலை இறைக்குமுன் மட்டத்தையும், அரைமணி நேரம் இறைத்தபின் கடத்துதிறனையும் எழுதி வரலாம். கொப்பியின் முதற் பக்கத்தில் அப்புள்ளி எங்குள்ளதென்பதைப் படம் வரைந்து காட்டுதல் வேண்டும். அடுத்த ஆண்டு அளக்கப் போகின்றவர் வேறொருவர்.